விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு, ஒரு லினக்ஸிலிருந்து இன்னொரு லினக்ஸுக்கு: புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லினக்ஸுக்கு வர நினைப்பவர்களும், வந்தபின் எந்த டிஸ்ட்ரோவில் (லினக்ஸின் பல தொகுப்புகளில் எதில்) தங்குவது என்று தெரியாமல் அலைபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எந்த டிஸ்ட்ரோ என்று ஆராயச் செலவிடும் நேரத்தில் பாதியைத் தங்கள் கோப்புகளைப் பத்திரப்படுத்தச் செலவிட்டால், புதியவர்களுக்கு நேரும் இழப்புகளில் பெரும்பகுதி நேராது. கீழே உள்ள பதில்கள் பலவற்றிலும் இந்தக் கவலைதான் ஓடுகிறது.

என் விண்டோஸ் நன்றாகத்தானே ஓடுகிறது. எதற்காக மாற வேண்டும்?

நன்றாக ஓடி, பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் மாறியே தீர வேண்டும் என்பதில்லை. சிக்கல் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்குத்தான். அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் அறிவிக்கப்பட்டன. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, நம்பகமான நிரல்களை மட்டும் வைத்துக் கணினியைத் தொடங்கும் செக்யூர் பூட் வசதி, இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலி எனப் பல நிபந்தனைகளை வைக்கிறது. 2016 வாக்கில் வந்த கணினிகள் பெரும்பாலும் இதில் தேறுவதில்லை. 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள நல்ல கணினியை இதற்காகக் குப்பைக்கு அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. லினக்ஸில் அது இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

யாருக்கு லினக்ஸ் ஒத்துவராது?

ஒரு தாளில், கடந்த ஒரு மாதத்தில் நீங்கள் திறந்த மென்பொருள்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். உலாவி, மின்னஞ்சல், வீடியோ, கடிதம், கணக்குத் தாள் என்ற அளவில் பட்டியல் முடிந்துவிட்டால் தயங்காமல் வரலாம். ஃபோட்டோஷாப், ஆட்டோகேட், மேக்ரோக்கள் நிறைந்த எக்செல் கோப்புகள் ஆகியவை உங்கள் தொழிலுக்கே அடிப்படை என்றால் பொறுங்கள். அடோபியும் மைக்ரோசாஃப்ட் ஆபிஸும் லினக்ஸுக்கென வெளிவருவதில்லை. வைன் என்ற மென்பொருள் 1993 முதல் வளர்ந்துவருகிறது. விண்டோஸ் நிரல்கள் பலவற்றை அது லினக்ஸில் ஓட வைக்கும். ஆனால் பிழைப்பு நடத்தும் மென்பொருளை அதை நம்பி ஒப்படைக்கச் சொல்ல மாட்டேன்.

விளையாட்டுகளில் நிலைமை வெகுவாக மாறிவிட்டது. வால்வ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட புரோட்டான் வழியாக, அதன் விளையாட்டுக் கடையான ஸ்டீமில் உள்ள விண்டோஸ் விளையாட்டுகளில் மிகப் பல லினக்ஸில் ஓடுகின்றன. ஓடாமல் நிற்பவை, மோசடியைத் தடுக்க இயங்குதளத்தின் ஆழம்வரை நுழையும் காவல் நிரல் வைத்திருக்கும் இணையப் போட்டி விளையாட்டுகள். வாலரன்ட் அதற்கு உதாரணம். அதுதான் உங்களுக்கு உயிர் என்றால் விண்டோஸை நீக்காதீர்கள்.

மற்றவர்களுக்கு ஒரு யோசனை. விண்டோஸில் இருக்கும்போதே ஃபயர்பாக்ஸ், லிப்ரெஆபிஸ், விஎல்சி, தண்டர்பேர்டு, கிம்ப் ஆகியவற்றுக்குப் பழகிக்கொள்ளுங்கள். இவை எல்லாம் விண்டோஸிலும் கிடைக்கின்றன. மென்பொருள் கை பழகிவிட்டால், பிறகு இயங்குதளம் மாறுவது பெரிய அதிர்ச்சியாக இராது.

டிஸ்ட்ரோ என்றால் என்ன? ஏன் இத்தனை இருக்கின்றன?

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட கர்னல்தான் லினக்ஸ். வன்பொருளையும் நிரல்களையும் இணைக்கும் மையப் பகுதி அது. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கடிதம்கூட எழுத முடியாது. அதனுடன் அடிப்படைக் கருவிகள், திரைச் சூழல், மென்பொருள் நிறுவும் முறை, உலாவி முதலியவற்றைச் சேர்த்து, சோதித்து, புதுப்பிப்புகளையும் தொடர்ந்து தரும் முழுத் தொகுப்பே டிஸ்ட்ரோ. மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருப்பதால் யார் வேண்டுமானாலும் தொகுக்கலாம், தொகுக்கிறார்கள்.

எண்ணிக்கையைக் கண்டு மலைக்க வேண்டாம். குடும்பங்கள் சிலவே. 1993-இல் தொடங்கிய டெபியன், அதிலிருந்து 2004-இல் கிளைத்த உபுண்டு, உபுண்டுவை அடியாகக் கொண்டு 2006-இல் வந்த லினக்ஸ் மின்ட் ஆகியவை ஒரே வம்சம். ஃபெடோரா, ஓபன்சூசே, ஆர்ச் ஆகியவை தனித்தனிக் குடும்பங்கள். புதியவர் தெரிந்துகொள்ள வேண்டிய வரைபடம் இவ்வளவுதான்.

சரி, முதலில் எதை நிறுவுவது?

லினக்ஸ் மின்ட், சின்னமன் என்ற திரைச் சூழல் உள்ள பதிப்பு. பத்துப் பெயர்களைச் சொல்லி உங்களையே தேர்ந்தெடுக்கச் சொல்வது உதவி ஆகாது என்பதால் ஒன்றையே சொல்கிறேன்.

காரணங்கள் உண்டு. கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று விண்டோஸில் பழகிய கை தேடும் இடத்திலேயே எல்லாம் இருக்கும். டிரைவர்களுக்கு ஒரு தனி மேலாளர், பழைய நிலைக்குத் திரும்ப டைம்ஷிஃப்ட், மென்பொருள்களுக்கு ஒரு களஞ்சியம் ஆகியவை நிறுவிய அன்றே தயாராக இருக்கும். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பின் மேல் கட்டப்படுவதால், உபுண்டுவுக்காக எழுதப்பட்ட வழிமுறைகளில் பெரும்பாலானவை இதற்கும் பொருந்தும். மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04-ஐ அடியாகக் கொண்டது. 2029 வரை ஆதரவு உண்டு. அதுவரை நீங்கள் எதையும் மறுபடி நிறுவ வேண்டியதில்லை.

கணினி மிகப் புதிது, சென்ற சில மாதங்களில் வந்த வன்பொருள் என்றால் ஃபெடோராவைப் பாருங்கள். அது ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வெளியிடுகிறது, கர்னலும் புதிதாக இருக்கும். அதற்கு ஈடாக, ஒவ்வொரு பதிப்புக்கும் ஆதரவு ஏறக்குறைய 13 மாதமே. உபுண்டுவும் குறைந்ததன்று. எடுத்தால் நீண்டகால ஆதரவுப் பதிப்பையே எடுங்கள். இடைப்பட்ட பதிப்புகளுக்கு 9 மாதந்தான் ஆயுள்.

காலி (Kali) லினக்ஸ் என்ற டிஸ்ட்ரோவில் தொடங்கலாமா?

வேண்டாம். அது பாதுகாப்புச் சோதனை செய்யும் தொழில்முறையாளர்களுக்கான கருவிப்பெட்டி. அன்றாடப் பயன்பாட்டுக்கும், லினக்ஸ் கற்கவும் அது உருவாக்கப்படவில்லை. அதை உருவாக்குபவர்களே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

என் கணினியில் 4 ஜிபி ரேம்தான் இருக்கிறது. போதுமா?

இயங்குதளத்துக்குப் போதும். மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஈ பதிப்பையோ, உபுண்டுவின் இலகுவான வடிவமான லுபுண்டுவையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இன்றைய இணையப் பக்கங்கள் எந்த இயங்குதளத்திலும் ரேமைத் தின்பவைதான். இருபது தாவல்களைத் திறந்து வைத்துவிட்டு லினக்ஸ் மெதுவாக இருக்கிறது என்று சொல்வதில் நியாயமில்லை. சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சிறிய எஸ்எஸ்டியைப் பொருத்தினால், எந்த இலகுவான டிஸ்ட்ரோவும் தராத வேகம் கிடைக்கும்.

32 பிட் செயலி உள்ள மிகப் பழைய கணினிகளுக்கு வழி சுருங்கிவருகிறது. 2025-இல் வந்த டெபியன் 13-லேயே 32 பிட்டுக்கான நிறுவி இல்லை.

நிறுவாமலேயே பார்த்துக்கொள்ள முடியுமா?

முடியும். லினக்ஸ் தரும் மிகப் பெரிய வசதி இதுதான், ஆனால் பலர் இதை ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். டிஸ்ட்ரோ முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்கி, ரூஃபஸ் அல்லது எட்ச்சர் என்ற கருவி கொண்டு பென் டிரைவில் எழுதுங்கள். அதில் முன்பு இருந்தவை அழிந்துபோகும். பல டிஸ்ட்ரோக்களைப் பார்க்க விருப்பம் என்றால் வென்டாய் நல்லது. அதை ஒருமுறை நிறுவிவிட்டால் ஐஎஸ்ஓ கோப்புகளைப் பென் டிரைவில் நகலெடுத்துப் போட்டாலே போதும். பதிவிறக்கிய கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று அறிய, அதன் ஷா256 சரிபார்ப்பு எண்ணைத் தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணுடன் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பாதியில் பழுதான ஐஎஸ்ஓவால் வரும் விசித்திரமான பிழைகளுக்கு மணிக்கணக்கில் காரணம் தேடியவர்கள் உண்டு.

பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கியதும் வால்பேப்பரை ரசிப்பதோடு நின்றுவிடாதீர்கள். வைஃபை இணைகிறதா? ஒலி ஸ்பீக்கரிலும் ஹெட்போனிலும் வருகிறதா? மைக், கேமரா, புளூடூத் வேலை செய்கின்றனவா? திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா? மடிக்கணினியை மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து விழிக்கிறதா? உங்கள் பிரிண்டர் ஒரு பக்கம் அச்சடிக்கிறதா? இவை எல்லாவற்றுக்கும் விடை கிடைத்தபின் நிறுவலாம். பிராட்காம் வைஃபை சில்லுகளில் சிலவற்றுக்குத் தனி டிரைவர் தேவைப்படும் என்பதால், அப்போதைக்குக் கைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நிறுவுவதற்கு முன் விண்டோஸில் செய்து முடிக்க வேண்டியவை எவை?

முதல் வேலை நகலெடுப்பது. ஆவணங்கள், படங்கள், உலாவியின் புக்மார்க்குகள், சேமித்த கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் வெளியே ஒரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். பிறகு அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நகலாக எண்ணக் கூடாது.

அடுத்தது பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் குறியாக்க வசதி. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் டிஸ்க் குறியாக்கம் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. பயாஸ் அமைப்பில் (விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) எதையாவது மாற்றிய பிறகு விண்டோஸைத் தொடங்கினால் அது 48 இலக்க மீட்பு விசையைக் கேட்டு நிற்கும். அந்த விசை கையில் இல்லாவிட்டால் கோப்புகளுக்கு வழியே இல்லை. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதி வைத்துக்கொண்டபின் அடுத்த படிக்குப் போங்கள்.

மூன்றாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதியை அணைப்பது. அது இயங்கும்போது விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. அரைத் தூக்கத்தில் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதியைத் திறந்தால் எழுத முடியாமல் படிக்க மட்டும் முடியும், அல்லது திறக்கவே மறுக்கும்.

இரண்டையும் சேர்த்து வைப்பதாக இருந்தால், விண்டோஸ் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கும் பிரிவை, அதன் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியிலேயே சுருக்கி, காலி இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள். மின்ட் 20 ஜிபி இருந்தால் நிறுவிக்கொள்ளும். நிம்மதியாகப் பயன்படுத்த 100 ஜிபி கொடுங்கள். லினக்ஸை நிறுவும் நிரல் உங்கள் டிஸ்க்கையே காட்டவில்லை என்றால், சில இன்டெல் மடிக்கணினிகளில் டிஸ்க்கைக் கையாள ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற முறை இயங்குவது காரணமாக இருக்கும். பயாஸில் அதை ஏஹெச்சிஐ என்ற வழக்கமான முறைக்கு மாற்றினால் டிஸ்க் தெரியும். ஆனால் விண்டோஸை முன்கூட்டித் தயார்ப்படுத்தாமல் மாற்றினால் அது தொடங்காமல் போகலாம். உங்கள் மாடலுக்கான வழிமுறையைப் படித்தபின் கை வையுங்கள்.

இரண்டையும் ஒரே கணினியில் வைப்பதா, விண்டோஸை அடியோடு நீக்குவதா?

கணினியில் இரண்டு டிஸ்க் பொருத்த இடம் இருந்தால் ஒன்றில் விண்டோஸ், மற்றொன்றில் லினக்ஸ் என்று வைப்பதுதான் சிறந்தது. ஒன்று மற்றதைத் தொடாது. ஒரே டிஸ்க்கில் வைப்பதும் நடைமுறையில் சரியாகவே இருக்கும். எப்போதாவது ஒரு பெரிய விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பின் கணினி நேராக விண்டோஸுக்கே போகத் தொடங்கினால் பதற வேண்டாம், லினக்ஸ் அழிந்திருக்காது. பயாஸ் அமைப்பில் தொடங்கும் வரிசையைத் திருத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கடிகாரம் ஒவ்வொரு முறையும் சில மணி நேரம் தவறிப்போவதும் இரட்டை நிறுவலில் வழக்கமானது. கணினியின் உள் கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது, லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. லினக்ஸை உள்ளூர் நேரம் பின்பற்றச் சொல்ல ஒரே கட்டளை போதும்.

பார்ட்டிஷன்களை எப்படிப் பிரிப்பது?

இன்னொரு டிஸ்ட்ரோவுக்குப் போகும் எண்ணம் சிறிதளவேனும் இருந்தால், ஹோம் என்ற பகுதிக்குத் தனிப் பார்ட்டிஷன் ஒதுக்குங்கள். உங்கள் கோப்புகளும் அமைப்புகளும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். இயங்குதளத்துக்கு 50 முதல் 60 ஜிபி, மீதி ஹோமுக்கு. இரண்டுக்கும் லினக்ஸின் வழக்கமான எக்ஸ்ட்4 வடிவம் போதும். பின்னொரு நாள் டிஸ்ட்ரோவை மாற்றும்போது முதல் பகுதியை மட்டும் அழித்துக்கொள்ளலாம். ஆனால் நிறுவியில் ஒரு கட்டத்தைத் தவறாகத் தொட்டால் இந்தப் பிரிப்பு உங்களைக் காப்பாற்றாது; வெளி டிஸ்க்கில் உள்ள நகலுக்கு இது மாற்று ஆகாது.

டெர்மினல் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) தெரியாமல் காலம் தள்ள முடியுமா?

மின்ட்டில் முடியும். ஆனாலும் அதைக் கண்டு விலகி ஓடாதீர்கள். உதவுபவர்கள் கட்டளை தருவதற்குக் காரணம் உண்டு: பத்துத் திரைகளில் எங்கே சொடுக்குவது என்று விளக்குவதைவிட ஒரு வரி துல்லியமானது.

முதல் நாளே மிரளவைப்பது ஒன்று உண்டு. நிர்வாகி அதிகாரத்தில் ஒன்றை ஓட்டும் சூடோ கட்டளை கடவுச்சொல் கேட்கும்போது நீங்கள் தட்டுவது திரையில் தெரியாது, புள்ளிகூட வராமல் இருக்கலாம். விசைப்பலகை பழுதாகவில்லை, தட்டி முடித்து என்டர் அழுத்துங்கள். கோப்புப் பெயர்களில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகக் கருதப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள். எங்கோ கண்ட கட்டளையை, அது என்ன செய்யும் என்று தெரியாமல் சூடோவுடன் ஒட்டாதீர்கள்.

மென்பொருளை எங்கிருந்து பெறுவது?

டிஸ்ட்ரோவின் களஞ்சியத்திலிருந்து. தேடு பொறியில் தேடி, ஏதோ ஒரு தளத்தில் நிறுவியைப் பதிவிறக்கி ஓட்டும் விண்டோஸ் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். களஞ்சியத்தில் இருப்பவை சோதிக்கப்பட்டவை; எல்லாம் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கப்படும். இன்னும் புதிய பதிப்பு வேண்டும் என்றால் ஃபிளாட்ஹப் என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து, பல டிஸ்ட்ரோக்களிலும் ஓடும் ஃபிளாட்பேக் வடிவில் எடுங்கள். மின்ட்டின் மென்பொருள் மேலாளரிலேயே அது இணைந்திருக்கிறது.

தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா? பழைய கோப்புகள் திறக்குமா?

தாராளமாக. விண்டோஸில் இ-கலப்பை போன்றவற்றைப் பயன்படுத்தியவர்கள் இங்கே ஐபஸ் அல்லது எஃப்சிடிஎக்ஸ் என்ற உள்ளீட்டு முறையையும் அதனுடன் எம்17என் தொகுப்பையும் நிறுவிக்கொள்ள வேண்டும். தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சுப்பொறி, இன்ஸ்கிரிப்ட் ஆகிய எல்லா அமைப்புகளும் அதில் உண்டு. நிறுவியதும் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். அதைச் செய்யாமல் வேலை செய்யவில்லை என்று கைவிட்டவர்கள் பலர். எழுத்துருக்களில் நோட்டோ, லோஹித் இரண்டும் களஞ்சியத்திலேயே கிடைக்கும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஆவணங்கள் லினக்ஸில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். உள்ளே இருப்பவை உண்மையிலேயே ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுத்தது. அந்த எழுத்துருக் கோப்பை நகலெடுத்து நிறுவினால் மீண்டும் தமிழாகத் தெரியும். இந்த வாய்ப்பிலேயே அவற்றை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றிவிடுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். அந்த எழுத்துரு கிடைக்காத ஒரு நாளில் அந்த எழுத்தை யாராலும் படிக்க முடியாமல் போய்விடக் கூடாது.

வேர்டு கோப்புகளின் பக்க அமைப்பு லிப்ரெஆபிஸில் கலைந்து தெரிந்தால் பெரும்பாலும் எழுத்துரு இல்லாததே காரணம். காலிப்ரிக்கு ஈடாக கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்கு ஈடாக கலடியா என்று அதே அகல அளவுகொண்ட எழுத்துருக்கள் உள்ளன. நிறுவிப் பாருங்கள்.

வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் தேவையா?

வீட்டுக் கணினிக்குப் பொதுவாகத் தேவையில்லை. புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாமல் இருப்பதும், மேலே சொன்ன களஞ்சிய ஒழுங்கும்தான் பாதுகாப்பு. போலி மின்னஞ்சலும் போலி உள்நுழைவுப் பக்கமும் எந்த இயங்குதளத்திலும் ஏமாற்றும்.

மின்ட் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வேறு டிஸ்ட்ரோவுக்குத் தாவ வேண்டும்போல் இருக்கிறது. தாவலாமா?

இந்த அரிப்பு வராத புதியவர் அரிது. தாவுவதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் எதற்காக என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் பெரும்பாலான காரணங்களுக்கு டிஸ்ட்ரோவை மாற்றவே தேவையில்லை.

படத்தில் பார்த்த அழகான திரைதான் காரணமா? அது டிஸ்ட்ரோவின் அழகாக இருப்பதில்லை. க்னோம், கேடிஈ பிளாஸ்மா, சின்னமன் போன்ற திரைச் சூழலின் அழகு. அதை இப்போதுள்ள டிஸ்ட்ரோவிலேயே நிறுவிப் பார்க்கலாம். சோதனைக்கென ஒரு புதிய பயனர் கணக்கைத் தொடங்கி அதில் பாருங்கள். இல்லாவிட்டால் இரண்டு சூழல்களின் அமைப்புகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். ஒரு மென்பொருள் பழைய பதிப்பாக இருப்பதா குறை? ஃபிளாட்பேக் இருக்கிறது. வெறும் ஆர்வமா? கணினிக்குள் ஒரு போலிக் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் அல்லது க்னோம் பாக்ஸஸுக்குள் பத்து டிஸ்ட்ரோக்களை நிறுவிப் பார்த்து அழிக்கலாம், உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

ஒரு கோளாறிலிருந்து தப்பிக்க மாறுவதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். வைஃபை அறுந்து அறுந்து போகிறது, உடனே வேறொன்றை நிறுவுகிறார், அங்கே வைஃபை சரி, ஒலி இல்லை, அடுத்ததற்குப் போகிறார். எங்கும் எதையும் கண்டுபிடிக்கவில்லை, ஒவ்வொரு முறையும் முதல் நாளிலிருந்தே தொடங்குகிறார். டிஸ்ட்ரோக்கள் எல்லாம் ஒரே கர்னலின் வெவ்வேறு பதிப்புகளைத்தான் பயன்படுத்துகின்றன. புதிய கர்னல் உள்ள டிஸ்ட்ரோவைப் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். கோளாறு அங்கே இல்லை என்றால், மின்ட்டின் புதுப்பிப்பு மேலாளரில் புதிய கர்னலைத் தேர்ந்தெடுத்தாலே போதும் என்பதற்கு அது நல்ல அறிகுறி.

நியாயமான காரணங்களும் உண்டு. வன்பொருள் மிகப் புதிது, ஆதரவுக் காலம் முடிகிறது, ஒரு டிஸ்ட்ரோவின் கொள்கை உங்களுக்கு உடன்பாடில்லை, அல்லது உள்ளே எப்படி இயங்குகிறது என்பதை ஆழமாகக் கற்கும் ஆசை. கற்கும் ஆசையில் ஆர்ச்சுக்குப் போகிறவரை நான் தடுக்க மாட்டேன், வேலைக்கு வேறொரு கணினி இருந்தால். ஆர்ச்சில் பதிப்பு என்பதே இல்லை. புதியவை தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும், கவனத்தையும் தொடர்ந்து கேட்கும். எந்த டிஸ்ட்ரோ முதலிடம் என்று டிஸ்ட்ரோவாட்ச் என்ற தளத்தின் பட்டியலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அது அந்தத் தளத்தில் ஒவ்வொரு டிஸ்ட்ரோவின் பக்கத்தையும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதைக் காட்டாது.

மாறும்போது பழைய ஹோமை அப்படியே எடுத்துச் செல்லலாமா?

ஆவணங்கள், படங்கள் போன்றவற்றைத் தாராளமாக. புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புறைகளில்தான் கவனம் வேண்டும். உலாவியின் சுயவிவரம், எஸ்எஸ்எச் சாவிகள் (வேறு கணினிகளில் உள்நுழையப் பயன்படுபவை, இருந்தால்) ஆகியவற்றைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். திரைச் சூழலின் அமைப்புகளை அங்கேயே விட்டுவிடுங்கள். பதிப்பு வேறுபட்டால் பட்டை காணாமல் போவது, ஐகான்கள் சிதறுவது போன்ற தொல்லைகள் வரும். பழைய ஹோம் பார்ட்டிஷனை அழிக்காமல் வைத்துக்கொண்டு, புதிய டிஸ்ட்ரோவில் வேறொரு பயனர் பெயரைக் கொடுத்து, தேவையானவற்றை மட்டும் ஒவ்வொன்றாக நகர்த்துவதே தூய்மையான வழி.

உலாவியிலும் ஒரு கண்ணி உண்டு. மின்ட்டில் புதிய ஃபயர்பாக்ஸ் இருக்கும். டெபியனில் நீண்டகால ஆதரவு ஃபயர்பாக்ஸ், அதாவது பழைய பதிப்பு. புதியதில் பயன்படுத்திய சுயவிவரத்தைப் பழையது திறக்க மறுக்கும். புக்மார்க்குகளையும் கடவுச்சொற்களையும் முன்பே தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள்.

புதுப்பித்தபின் கணினி தொடங்கவில்லை. எல்லாம் போயிற்றா?

இல்லை. தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் மேம்பட்ட தேர்வுகளுக்குள் சென்றால் முந்தைய கர்னல் இருக்கும். அதில் தொடங்கிப் பாருங்கள். அதுவும் ஆகாவிட்டால், நிறுவப் பயன்படுத்திய பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி டைம்ஷிஃப்ட் மூலம் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். அதற்கு டைம்ஷிஃப்டை முதல் நாளே அமைத்திருக்க வேண்டும். அது இயங்குதளத்தை மட்டுமே பதிவு செய்யும். வழக்கமான அமைப்பில் உங்கள் கோப்புகளைச் சேர்க்காது.

எனக்குப் பிடிக்கவில்லை என்றால் விண்டோஸுக்குத் திரும்ப முடியுமா?

முடியும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விண்டோஸுடன் வந்த கணினிகளில் உரிமம் பொதுவாகக் கணினியுடனேயே பிணைந்திருக்கும். மறுபடி நிறுவினால் தானாக இயங்கத் தொடங்கும். லினக்ஸை நிறுவுவதற்கு முன்பே, மைக்ரோசாஃப்ட் தரும் கருவியால் ஒரு விண்டோஸ் நிறுவல் பென் டிரைவைத் தயாரித்து வைத்திருங்கள்; பிறகு லினக்ஸிலிருந்து அதைத் தயாரிப்பது சுற்று வழி. எக்ஸ்ட்4 பார்ட்டிஷனை விண்டோஸ் தானாகப் படிக்காது என்பதால், லினக்ஸில் இருக்கும்போதே உங்கள் கோப்புகளை இரண்டு இயங்குதளங்களும் படிக்கும் எக்ஸ்ஃபேட் வடிவிலுள்ள வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்து, விண்டோஸ் உள்ள வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிட்டு அழிக்கத் தொடங்குங்கள்.